கடலுக்கென்று நாலு கலன்

1978 பெப்ரவரி 11, சனிக்கிழமை, காலை ஆறு ஐம்பது. முந்திய நாள் பின்னேரம் மழை பெய்து விட்டிருந்தது. வானத்தில் முகில் அதிகமில்லை. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் வீசியது. முல்லைத்தீவுக்கு வெளியே, கடற்கரையிலிருந்து எழுநூற்றுப் பத்து அடி தள்ளி, புல்லைச் செதுக்கிச் செய்த ஓடுபாதையின் தெற்கு முனையில் நான் நின்றேன். அதன் நீளம் என் காலடியில் அறுநூற்று நாற்பது. ஈரத்தில் செருப்பு ஒட்டியபடியால் அதை இடையில் இரண்டு தடவை கழற்றித் தட்டினேன்.

அந்த ஆண்டு தைமாதத்தில் கொழும்பிலிருந்து ஒரு சிறிய விமானம் எங்கள் ஊருக்கு வந்தது. ஒற்றை இயந்திரம், நாலு இருக்கை. ஆழ்கடலில் மீன் கூட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று மேலிருந்து பார்த்துக் குறிப்பது அதன் வேலை. ஓட்டி வந்தவர் ஐம்பத்தெட்டு வயதானவர். ஊரில் எல்லோரும் அவரைக் கப்டன் என்றார்கள். கடலின் நிறத்தைப் பார்த்து மீனைச் சொல்ல உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். என் பக்கத்து வளவுக்காரர், அதாவது அடுத்த வீட்டுக்காரர், போனார். அவர் முல்லைத்தீவுக் கரையில் மூன்று தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தவர், அப்போது நாற்பத்தொரு வயது. பெற்றோலை அளந்து ஊற்றவும் கணக்கு எழுதவும் ஒருவர் வேண்டும் என்றபோது கணக்கு வாத்தியாரான என்னைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் தொடங்க முன்னரும் சனி ஞாயிறுகளிலும் போய்வந்தேன். அன்றைக்கு முன் பதின்மூன்று தடவை விமானம் பறந்து திரும்பியிருந்தது.

கடலுக்கு மேலே போகிற சிறிய விமானத்துக்கு எண்ணெய்க் கணக்கு தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இதைக் கப்டன் முதல் நாளே சொன்னார். இயந்திரம் மணிக்கு ஏழு கலன் குடிக்கும், ஒரு கலன் நாலரை லீற்றர். காற்று எதிர்த்தால் அதே தூரத்துக்குக் கூட நேரம், கூட எண்ணெய். தாங்கியின் அளவு காட்டும் முள்ளை நம்பக்கூடாது, அது ஆடும். அளவுக்கோலை விட்டுப் பார்க்க வேண்டும், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தரைக்கு மேலே எண்ணெய் முடிந்தால் ஒரு வயலையோ குளக்கட்டையோ தேடலாம். கடலுக்கு மேலே தேட ஒன்றுமில்லை.

அன்றைய கணக்கு இப்போதும் மனப்பாடம். எழும்பி உயர எட்டு நிமிடம். வடகிழக்கே அறுபது கடல் மைல், காற்று எதிரில், நாற்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து தெற்கே முப்பது மைல், இருபது நிமிடம். மீனைக் கண்டால் வட்டமிட இருபது நிமிடம். திரும்பி வர நாற்பத்திரண்டு. மொத்தம் நூற்று முப்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் எது நடந்தாலும் என்று நாற்பத்தைந்து நிமிடம். மூன்று மணித்தியாலம், இருபத்தொரு கலன். இதை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கப்டனிடம் கொடுப்பேன். அவர் சட்டைப் பையில் வைப்பார். திரும்பி வந்ததும் தாங்கியில் மிஞ்சியதை வள்ளக்காரருக்கு வடித்துக் கொடுத்துவிடுவார், அடுத்த பறப்பின் கணக்கு வெறுந்தாங்கியிலிருந்து தொடங்கும்.

துண்டில் எழுதாத ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

எங்கள் கரையில் வள்ளத்துக்கு எண்ணெய் அளக்கும்போது மூன்று பங்காக அளப்பார்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கடலுக்கு ஒரு பங்கு. கடல் பங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. சொன்னால் அது தேவைப்பட்டுவிடும் என்று ஒரு பயம். அளக்கிறவர் அளந்துவிடுவார், போகிறவர் இருக்கிறது என்று போவார். நான் கிளிநொச்சியிலிருந்து மாற்றலாகி வந்து அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தவன். முதல் பறப்பிலிருந்தே துண்டில் எழுதியதற்கு மேல் நாலு கலன் கூட ஊற்றினேன். மூன்றில் ஒன்று விமானத்துக்கு மிக அதிகம், நாலு போதும் என்று எனக்குள் முடிவு செய்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பெற்றோல் பீப்பாயான பரலிலிருந்து கைப்பம்பினால் இறைக்க வேண்டும். ஒரு கலனுக்குப் பதினாலு இழுப்பு. இருபத்தொரு கலனுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நாலு. அதற்கு மேல் ஐம்பத்தாறு.

மூன்றாம் நாள் கப்டன் அளவுக்கோலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மாஸ்ரர், உங்கட இருபத்தொண்டு எங்கட இருபத்தைஞ்சோ? நல்ல கணக்கு வாத்தியார்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தானோ மார்க்ஸ் போடுறனீங்கள்?”

பக்கத்து வளவுக்காரர் விமானத்தின் நிழலில் இருந்து பீடி பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். பெற்றோலுக்குக் கிட்டப் பற்றவைக்கக் கூடாது என்று நான் நாளுக்கு மூன்று தடவை சொல்வேன். அவர் கப்டனைப் பார்த்து, “அதைக் கதைக்காதேங்கோ கப்டன். இருக்குது எண்டால் இருக்கட்டும்” என்றார்.

கப்டனுக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவர் அளவுக்கோலை எடுக்கவில்லை. “சரியோ மாஸ்ரர்?” என்று கேட்பார். நான் “சரி” என்பேன். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலை கப்டன் ஓடுபாதையில் குதிக்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். குதி ஒரு அங்குலம் உள்ளே போனது.

“மாஸ்ரர், இண்டைக்குக் கனக்க ஊத்தாதேங்கோ. மண் சொதசொதக்குது. பாரம் கூடினால் பனைமரத்திலதான் போய் ஏறவேணும்.”

“நான் இறங்கி ஓடிவாறன், நீங்கள் பறவுங்கோ” என்றார் பக்கத்து வளவுக்காரர். அவர் கையில் வழக்கமான இரண்டு கலன் பிளாஸ்டிக் கான் இருந்தது. வெறுங்கான், மூடி இறுக்கி, கயிறு கட்டியது. வள்ளத்தில் போனாலும் விமானத்தில் போனாலும் அது அவரோடு போகும்.

“இந்த வெறுங்கானை விட்டிட்டு வந்தால் ஒரு இறாத்தல் குறையும்” என்றார் கப்டன்.

“இதை விட்டால் மனுசி வீட்டுக்குள்ள விடாது.”

நான் பம்பை இழுத்தேன். இருநூற்றுத் தொண்ணூற்று நாலில் கை நின்றது. நாலு கலன் இருபத்தொன்பது இறாத்தல் பாரம். கனக்க ஊற்ற வேண்டாம் என்று அவர் சொன்னது இந்த நாலைத்தானா, அல்லது தாங்கியை நிரப்ப வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் கடல் பங்கைப் பற்றி வாயால் கதைக்க வேண்டும். நான் பம்பைக் கழற்றித் துடைத்துச் சாக்கில் சுற்றினேன்.

“சரியோ மாஸ்ரர்?”

“சரி.”

ஏழு இருபதுக்கு எழும்பினார்கள். ஐந்நூற்றுப் பத்தாவது அடியில் சக்கரம் நிலத்தை விட்டது. மேலும் நாலு கலன் ஏற்றியிருந்தாலும் எழும்பியிருக்கும் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தேன்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு வரவேண்டும். வரவில்லை. பத்து இருபதுக்கு எண்ணெய் முடியும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இருபது வந்தது, பத்து இருபத்தொன்று வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொண்டுபோன தேநீர்ப் போத்தலில் அரைவாசி இருந்தது, அதைக் குடித்தேன். குளிர்ந்து போயிருந்தது.

பத்து நாற்பதுக்குப் பக்கத்து வளவுக்காரரின் மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. எங்கள் பகுதி வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் அளந்து விற்பது அவாதான். வீட்டு விறாந்தையில் இரண்டு பரல், ஒரு புனல், ஒரு கலன் அளவை. யார் எந்த நாள் எவ்வளவு கொண்டுபோனார் என்பது அவாவுக்கு எழுதாமலே தெரியும். எண்ணெயோடு வாழ்கிறவர்களுக்கு நேரம் கணக்கிடத் தெரியும். பறப்பு மூன்று மணித்தியாலம் என்பதும் அவாவுக்குத் தெரியும்.

“மாஸ்ரர், இன்னும் வரேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை.”

அவா வடகிழக்கைப் பார்த்தா. பிறகு என் காலடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த பம்பைப் பார்த்தா. அதன் பிறகு அந்தக் கரையில் யாரும் கேட்காததைக் கேட்டா.

“அதையும் போட்டனீங்கள்தானே?”

“ஓம்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் சொல்லிவிட்டது. அவாவுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. “அப்ப எங்கையாவது கரையில இறக்கியிருப்பினம்” என்றா. சைக்கிளைத் திருப்பினா.

பதினொரு மணிக்குக் கடற்கரையில் ஒன்பது வள்ளக்காரர்கள் கூடிவிட்டார்கள். எங்கே தேடுவது என்பதைக் கணக்குத் தெரிந்த நான்தான் சொல்ல வேண்டும். ஈர மணலில் ஒரு ஈர்க்கினால் கோடு கிழித்தேன். அவர்களில் மூத்தவர், தலையில் துண்டைச் சுற்றியபடி குந்தியிருந்து பார்த்தார்.

“மூண்டு மணித்தியாலமோ, இல்லாட்டிக் கூடவோ மாஸ்ரர்?”

அவாவும் நின்றா.

“நாலு கலன் கூட. முப்பத்துநாலு நிமிசம்” என்றேன்.

“அப்ப ஐம்பது மைலுக்குக் கிட்ட. கரைக்கு வந்திருக்கும். கொக்கிளாய்ப் பக்கம், இல்லாட்டி நாயாத்து முகத்துவாரம். களப்புக்குள்ளதான் இறக்கியிருப்பார்.”

அந்தக் கணக்கில் பிழையில்லை. நாலு கலன் இருந்திருந்தால் அப்படித்தான். ஒன்பது வள்ளங்கள் பதினொரு மணி முப்பதுக்குத் தெற்கே கரையோரமாகப் போயின. ஒவ்வொன்றிலும் ஐந்து கலன். நான் எண்ணினேன். அவா புனலை வைத்து ஊற்றினா, பங்கு எதையும் விடவில்லை.

பின்னேரம் முழுக்கக் கரையில் இருந்தேன். ஒரு வள்ளம் மூன்று மணிக்குத் திரும்பி மிசின் பிளக்கை மாற்றிக்கொண்டு மீண்டும் போனது. அவர்களிடம் சொல்லியிருக்கலாம். நாலரைக்கு இன்னொன்று தண்ணீர் எடுக்க வந்தது. அவர்களிடமும் சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கை கால் எல்லாம் இன்னொருவருடையவை மாதிரி இருந்தன. சொல்ல வேண்டிய வசனத்தில் எத்தனை சொல் என்று எண்ணினேன். மூன்று. “நான் அதைப் போடவில்லை.” ஆறரைக்குள் ஒன்பது வள்ளங்களும் திரும்பி வந்தன. உப்புநீர்க் களப்பிலும் இல்லை, கரையிலும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கரையில் வள்ளம் இறக்க மாட்டார்கள். ஆனால் ஐந்தரைக்கு எல்லோரும் நின்றார்கள். எண்ணெய்ப் பரல்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்திருந்தா அவா. நான் அவாவுக்குக் கிட்டப் போனேன்.

“பிள்ளை, நான் போடேல்லை.”

அவா என்னைப் பார்க்கவில்லை. புனலுக்குள் ஒரு துரும்பு கிடந்தது, அதை எடுத்து எறிந்தா. மூத்தவர் எழுந்து நின்றார். “என்ன?” என்றார்.

“நாலு கலன் கூட இல்லை. எழுதினது இருபத்தொண்டு, ஊத்தினதும் இருபத்தொண்டு. கரைக்கு வந்திருக்கேலாது.”

ஒருவரும் ஏசவில்லை. யாராவது ஏசியிருந்தால் நல்லது என்றுகூட அப்போது நினைக்கவில்லை. மூத்தவர் கடலைப் பார்த்துக்கொண்டு, “அப்ப வெளியிலதான். எங்கையெண்டு தேடுறது? அது கடல், கிணறில்லை” என்றார்.

திட்டப்படி பறந்திருந்தால் இருபத்தொரு கலனிலேயே திரும்பி வந்திருப்பார்கள், நாற்பத்தைந்து நிமிடம் மிச்சமும் இருந்திருக்கும். ஆகவே வேறெங்கோ போயிருக்கிறார்கள். அவாவிடம் கேட்டேன்.

“அவருக்கெண்டு வேறை இடம் ஏதும் இருக்கோ?”

தொழில் செய்யும் இடத்தைப் பக்கத்து வள்ளத்துக்கும் சொல்வதில்லை. ஒன்பது வள்ளக்காரருக்கும் முன்னால் நான் அதைக் கேட்டேன். அவா புனலைக் கீழே வைத்தா.

“இடம் எனக்குத் தெரியாது. மனுசன் எனக்கும் சொன்னதில்லை. நான் எண்ணெய் அளக்கிறனான். வழமையா ஆறு கலன். வருசத்தில நாலைஞ்சு தரம் மட்டும் பன்ரண்டு கேப்பார். அண்டைக்குக் கொக்கிளாய்க்கு நேர வெளியிலதான் போறவர். திரும்பி வரேக்கை நாலு கலன் அப்பிடியே கிடக்கும்.”

அந்தப் பன்னிரண்டும் மூன்று பங்கு. நாலு போக, நாலு வர, திரும்பி வந்த நாலு கடலுக்கு. அவருடைய வள்ளம் ஒரு கலனுக்கு ஏழு மைல் போகும். எங்கள் கரையிலிருந்து இருபத்தெட்டு மைல், கொக்கிளாய்க்கு நேர் கிழக்கே. விமானம் தெற்கே முப்பது மைல் வந்த பிறகு வீட்டுக்குத் திரும்பாமல் அந்த இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வட்டமிட்டிருக்கிறது. அங்கிருந்து ஓடுபாதைக்கு வருகிற கோட்டில்தான் எண்ணெய் முடிந்திருக்க வேண்டும். வாடைக் காலத்து நீரோட்டம் தெற்கே மணிக்கு அரை மைல் இழுக்கும். மணலில் புதிதாகக் கோடு கிழித்தேன். முந்திய நாள் கோட்டைக் கடல் அழித்திருந்தது.

ஒன்பது வள்ளங்களும் ஐந்தே முக்காலுக்குப் போயின. பதினொரு மணி ஐந்து நிமிடத்துக்கு, கரையிலிருந்து இருபத்தாறு மைலில், பக்கத்து வளவுக்காரரைக் கானோடு கண்டெடுத்தார்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தார். அதை அவிழ்க்க முடியாமல் கத்தியால் வெட்டினார்கள். கப்டன் இல்லை. அதன் பிறகு இரண்டு நாள் தேடியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பதாம் இலக்கக் கட்டில். உதடும் கழுத்தும் உப்பில் உரிந்திருந்தன. இரண்டு தோடம்பழம் கொண்டுபோனேன், அவரால் உரிக்க முடியாது என்று அங்கே போய்த்தான் யோசித்தேன். கட்டிலின் மறுபக்கத்தில் அவா இருந்தா.

அவர் மெதுவாகக் கதைத்தார். “கூட்டமெண்டால் கூட்டம், மாஸ்ரர். என்ரை அப்புவும் காணாத கூட்டம். தண்ணி மண்ணிறமா நிண்டது. கப்டன் சின்னப்பிள்ளை மாதிரிச் சுத்திச் சுத்திப் பாத்தவர். பிறகு மணிக்கூட்டைப் பாத்தவர்.”

தோடம்பழங்களைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன்.

“‘மாஸ்ரர் போட்டிருப்பார்தானே’ எண்டு என்னைக் கேட்டவர். நான், ‘ஓம், அவர் இருவத்திரண்டு வருசம் எங்களோடை இருக்கிற ஆள், போடாமல் விடமாட்டார்’ எண்டனான். பிறகும் ரெண்டு சுத்துச் சுத்தினவர்.”

“இண்டைக்குக் கனக்க ஊத்த வேண்டாமெண்டு சொன்னவர்” என்றேன்.

“ஓம், சொன்னவர். நானும் காதால கேட்டனான்.” தலையை என் பக்கம் திருப்பினார். “அதுக்காக அதைப் போடாமல் விடுறதோ மாஸ்ரர்?”

தண்ணீரில் இறங்கியபோது சக்கரம் பிடித்து விமானம் தலைகீழாகப் புரண்டதாம். இருவரும் வெளியே வந்துவிட்டார்களாம். ஒரு கானை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். கப்டன் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு இறாத்தல் குறைத்திருந்தால் இப்போது என்ன செய்திருப்போம் என்று சிரித்தாராம்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். எதையும் எவ்வளவு என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

“பொழுது படும்வரைக்கும் இருந்தவர். வெளிச்சம் போனாப் பிறகு கூப்பிட்டுப் பாத்தன். கானிலை கை இல்லை.”

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை. அவர்கள் விழுந்தது கரையிலிருந்து இருபது மைலில். வள்ளம் மணிக்கு ஏழு மைல். சனிக்கிழமை பதினொன்று முப்பதுக்கு நேரே வெளியே போயிருந்தால் இரண்டு இருபத்தொன்றுக்கு அங்கே நின்றிருக்கும். அன்றைக்குச் சூரியன் மறைந்தது ஆறேகாலுக்கு. மூன்று மணித்தியாலம் ஐம்பத்துநாலு நிமிடம் தேடக் கிடைத்திருக்கும். அவா என்னைப் பார்த்தா. அவாவும் அதே கணக்கைப் பார்த்திருந்தா என்று தெரிந்தது. அவாவுக்கு நிமிடம் வரை வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். துண்டின் மறுபிரதியைப் பார்த்தார்கள். பரலில் மிச்சமிருந்ததை அளந்தார்கள். எழுதியது இருபத்தொன்று, ஊற்றியது இருபத்தொன்று. என்னுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதினார்கள். முந்திய பதின்மூன்று பறப்பிலும் எழுதியதை விடப் பரலில் ஐம்பத்திரண்டு கலன் கூடக் குறைந்திருப்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆவியாகியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

கடலில் ஆள் தேடியதற்கு அங்கே யாரும் காசு கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. அந்த எண்ணெயை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். பங்குனிச் சம்பளம் எடுத்த அன்று நான் அவா வீட்டு விறாந்தைக்குப் போனேன். அவர் உள்ளே படுத்திருந்தார். வலது தோள் இன்னும் எழும்பவில்லை. அவா பரலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தா.

“சனிக்கிழமை எண்ணெய்க்கு” என்றேன். “ஒன்பது வள்ளம், நாற்பத்தைஞ்சு கலன். மிசின் ஒயிலும் சேர்த்து.”

“சனிக்கிழமைக்கு மட்டுமோ?”

“ஓம். மற்ற நாள் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.”

அவா உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தா. “நீங்கள் அண்டைக்கு என்னட்டை ‘ஓம்’ எண்டு சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். வள்ளக்காரரிட்டையும் சொல்ல வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன். அவர் இன்னும் உங்களை எங்கட ஆள் எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.” பிறகு பரல் மூடியைக் காட்டினா. “காசை அதிலை வைச்சிட்டுப் போங்கோ.”

வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க அவா கலன் அளவையைத் தூக்கி மேலே வைத்தா. இருநூற்று எண்பத்தேழு ரூபா ஐம்பது சதம்.